கத்தாத பெட்டி

போன வெள்ளிக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. உள்ளே, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மஞ்சள் பெட்டி. அந்தக் காலத்து பேஜர் ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அந்த சைஸ். மேலே ஒரு சின்ன ஸ்க்ரீன், அதற்குக் கீழே வலை போட்ட வட்டமான ஓர் ஓட்டை, பின்னால் சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். அவ்வளவுதான்.

விஷ வாயு இருந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கிற கருவி. கேஸ் டிடெக்டர் என்கிறார்கள்.

உங்களில் பாதிப் பேர் இப்போதே பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கழிவுநீர், தொட்டி, விஷ வாயு... காபியோடு படிக்கிற விஷயமா இது? நானும் இந்த வாரம் சபா கேன்டீன்களைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் ஒருவர் இதை எழுதச் சொன்னார். அவர் சொன்னால் என்னால் தட்ட முடியாது. யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் போலீஸ், கோர்ட் என்று போய்க்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது எங்களுடைய இரண்டாவது பெட்டி. முதல் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அடையாறில் எங்கள் அபார்ட்மென்ட் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கிறது. கட்டின புண்ணியவான் ரோடு மட்டத்தைப் பார்க்காமல் கட்டிவிட்டுப் போய்விட்டார். அதனால் எல்லா வீட்டுக் கழிவுநீரும் முதலில் பின்பக்கம் பூமிக்கடியில் இருக்கிற ஒரு தொட்டியில் சேரும். அங்கிருந்து மோட்டார் வைத்துத் தெருக் குழாய்க்கு ஏற்ற வேண்டும். மோட்டார் நின்றால் தரைத்தளத்து வீட்டு பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வரும்.

மோட்டார் ஏன் நிற்கிறது? நாம் எதையெல்லாம் ஃபிளஷ் பண்ணுகிறோமோ, அதனால்தான். துணி, டயப்பர், ஈர டிஷ்யூ... வாட்ஸ்அப் குரூப்பில் மாதாமாதம் எச்சரிக்கை போடுவோம். எச்சரிக்கைக்கு எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். மறுவாரம் மோட்டாரில் டயப்பர் சிக்கியிருக்கும்.

அந்த மோட்டாரைப் பார்த்துக்கொண்டவர் சேகர். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், தண்ணீர் லாரி வந்தால் பைப் மாட்டுகிறவர், லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கதவைத் திறந்து விடுகிறவர்... எல்லாமே அவர்தான். அவர் மனைவி தேவி என் வீட்டில் சமையலுக்குக் கூடமாட உதவி செய்கிறாள். ஆற்றோரத்தில் அவர்களுக்கு வீடு இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு மாடி வீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து பஸ் மாறி பஸ் பிடித்து, சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள்.

எங்கள் அசோசியேஷன் செகரட்டரி ரங்கநாதன் சார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பெரிய ஃபேக்டரியில் இன்ஜினீயராக இருந்து ரிடையர் ஆனவர். எதையும் முறைப்படி செய்தாக வேண்டும் அவருக்கு. ஒரு நாள், எங்கேயோ தொட்டிக்குள் இறங்கியவர்கள் இறந்துபோன செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, கையோடு மீட்டிங் போட்டார்.

"நாளைக்கு சேகருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாம யார் மூஞ்சில முழிக்கறது? ஒரு டிடெக்டர் வாங்கிடலாம். நான்தான் பாத்துண்டு வந்திருக்கேனே, ஃபேக்டரில இது இல்லாம ஒருத்தன் உள்ள காலை வைக்க மாட்டான்."

யாரும் மறுக்கவில்லை. நல்ல மனுஷர். இதில் கெட்டவர் என்று கைகாட்ட யாருமே இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை பெரிய கஷ்டமாக இருக்கிறது.

கம்பெனியிலிருந்து டெக்னீஷியன் வந்து எங்கள் அசோசியேஷன் ஹாலில் டெமோ காட்டினார். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றார். அழுகின முட்டை நாற்றம் என்றார். கொஞ்சமாக இருந்தால் நாறும், ரொம்ப அதிகமானால் மூக்கே மரத்துப்போய் ஒரு நாற்றமும் தெரியாது, அப்போதுதான் ஆளைக் கொல்லும் என்றார். இந்த வட்ட ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது, இதைச் சுத்தமாக வைத்திருங்கள் என்றார். எல்லாம் இங்கிலீஷில். நாங்கள் காபி குடித்துக்கொண்டே தலையாட்டினோம்.

சேகர் அப்போது பக்கத்து அறையிலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ரங்கநாதன் சார் பிறகு தனியாகச் சொன்னார். பட்டனை அமுக்கினால் ஆன், கத்தினால் இறங்காதே. அது போதும் என்று நினைத்தோம்.

மறுநாள் சேகர் பெட்டியைக் காலரில் மாட்டிக்கொண்டு என் சமையலறை வாசலுக்கு வந்தார். அடுப்பில் தேவி முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியை அடுப்புக்கு நேரே நீட்டினார்.

"இன்னாமா, முட்டை வேவுது, நம்மாளு கம்முனு கீறான்?"

"அழுகின முட்டைக்குத்தான் கத்தும் சேகர்."

"அப்போ நல்ல முட்டையாத்தான் வாங்கியாந்துகீது இது" என்று தேவியைக் காட்டிச் சிரித்தார்.

நம்மாளு. பெட்டிக்கு அவர் வைத்த பெயர் அது.

"இங்க வர்றதுக்கு முன்னாடி வேற எடத்துலலாம் தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பாப்போம்மா. அணைஞ்சா எறங்க மாட்டோம். எரிஞ்சா சாமிய கும்புட்டுகினு எறங்குவோம். இப்போதான் நம்மாளு கீறானே... அவன் கத்துனா, செகரட்டரி சார் இன்னா சொன்னாலும் நான் எறங்க மாட்டேன்."

அப்படியே நடந்துகொள்ளவும் செய்தார். மூடியைத் திறந்து, பெட்டியை நைலான் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். அது கத்தும். தெருமுனை வரை கேட்கும். மூடியைத் திறந்தே போட்டு, ஃபேன் வைத்துக் காற்றடித்து, அது வாயை மூடுகிற வரை காத்திருப்பார். மூடாத நாட்களில், "இன்னிக்கு வோணாம் சார்" என்று கையை உதறிவிட்டுப் போய்விடுவார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தொட்டிக்குள் ஆள் இறங்கவே கூடாது. சட்டம் அப்படி. பெட்டி இருந்தாலும் கூடாது, இல்லாவிட்டாலும் கூடாது. அதற்கென்று லாரி இருக்கிறது, மெஷின் இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட்டில் இது தெரியாதவர் யாரும் இல்லை. பெட்டி வருவதற்கு முன்னால் பயந்து பயந்து பெரும்பாலும் லாரியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெட்டி வந்த பிறகு லாரி வருவது குறைந்துபோனது.

யோசித்துப் பாருங்கள்... சேகருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வாங்கிய பெட்டி, சேகர் இறங்கலாம் என்பதற்கு லைசென்ஸாக ஆகிவிட்டது. ஹெல்மெட் வாங்கிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் பைக்கை இன்னும் முறுக்குவதில்லையா? அந்த மாதிரிதான்.

ஆயுத பூஜை வந்தது.

இந்த ஊரில் அன்றைக்குப் பொட்டு இல்லாத பொருள் ஏது? ஸ்கூட்டர், லிஃப்ட், மீட்டர் பாக்ஸ், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார்... என் லேப்டாப்புக்கே தேவி ஒன்று வைத்துவிட்டுப் போனாள். மோட்டார் ரூமைச் சேகர் கழுவி விட்டு, மாவிலை கட்டி, வாழைக்கன்று வைத்து, பொரியும் சுண்டலுமாக அமர்க்களப்படுத்தியிருந்தார். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பேப்பர் விரித்து வரிசையாக. நட்டநடுவில், சாமி படத்துக்கு நேர் கீழே, மஞ்சள் பெட்டி. அதற்குச் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், தலையில் ஒரு சாமந்திப்பூ.

ரங்கநாதன் சார் கற்பூரம் காட்டினார். யாரோ போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார்கள். எல்லா வீடுகளிலிருந்தும் கும்பிடுகிற கைகள், ஹார்ட்டுகள். என் வீட்டிலிருந்தும்தான்.

அதன் பிறகு கொஞ்ச நாள் தொட்டியைத் திறக்கிற வேலையே வரவில்லை. தீபாவளி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்த்துவிட்டு ஒரு நாள் காலையில் கொஞ்சம் விட்டது. பார்த்தால், மோட்டார் ஓடவில்லை. ரங்கநாதன் சார் வீடு தரைத்தளம். பாத்ரூமில் கறுப்புத் தண்ணீர் எதிர்த்து வந்து ஹால் வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லாரிக்கு ஃபோன் போட்டார். மழை பெய்த மறுநாள் யார் வீட்டில்தான் இந்தப் பிரச்சினை இல்லை? சாயங்காலம்தான் வர முடியும் என்றார்கள்.

வழக்கமாக மோட்டாரைச் சங்கிலி போட்டு மேலேயே இழுத்துவிடுவார்கள். அன்று சங்கிலி எதிலோ மாட்டிக்கொண்டு வரவில்லை. நான் பார்க்கிறேன் சார் என்று சேகர் சொன்னார்.

முதல் மாடி பால்கனியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே தேவி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கீழே மூடியைத் திறந்தார்கள். ரங்கநாதன் சார் பெட்டியை ஆன் செய்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கயிற்றில் இறக்கினார். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் விட்டுத் தூக்கிப் பார்த்தார்.

"ஜீரோ காட்டறது சேகர்."

"இன்னா சார், நம்மாளு இன்னிக்கு இவ்ளோ சமத்தா கீறான்? மழத்தண்ணி பூந்து எல்லாத்தையும் அடிச்சிகினு போயிட்ச்சு போல."

இருவரும் சிரித்தார்கள். எப்போதும் கத்துகிற கருவி அன்று கத்தவில்லை. யாருக்கும் பயம் வரவில்லை. சீக்கிரம் வேலை முடிந்துவிடும் என்று எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. கருவி என்று மட்டும் இல்லை. வீட்டில் குழந்தை சத்தம் போடாமல் இருந்தால் சமத்து என்கிறோம். வேலை செய்கிறவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறோம். ஏன் இன்று சத்தத்தைக் காணோம் என்று யார் கேட்கிறோம்?

பெட்டியை மறுபடி உள்ளே இறக்கி, சேகருக்குப் பக்கத்திலேயே தொங்குகிற மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டார் ரங்கநாதன் சார். சேகர் இரும்புப் படியில் இறங்கினார். பெட்டிக்குக் கயிறு கட்டியிருந்தோம். ஆளுக்குக் கட்டவில்லை.

"துணிதான் சார் மாட்டிகினு கீது..." என்று கீழிருந்து குரல் வந்தது. அப்புறம் தண்ணீரில் ஏதோ விழுகிற சத்தம். அவ்வளவுதான். வேறு ஒரு சத்தமும் இல்லை.

"சேகர்... சேகர்... டேய் சேகர்!"

ரங்கநாதன் சாரின் குரல் ஏற ஏற, உள்ளே மிக்ஸி நின்றது. தேவி என்னைத் தாண்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஒரு காலை உள்ளே இரும்புப் படியில் வைத்துவிட்டிருந்தாள். இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். இருவரும் சிமென்ட் தரையில் விழுந்தோம்.

"உடுமா! உடு என்னை! அவுரு உள்ள கீறாரும்மா!"

நான் விடவில்லை. பேப்பரில் வருகிற அந்தச் செய்தி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஒருவர். அவரைத் தூக்கப் போன இன்னொருவர். அவரையும் தூக்கப் போன மூன்றாமவர். அது ஒன்றுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

ரங்கநாதன் சார் கயிற்றை இழுத்துப் பெட்டியை மேலே எடுத்தார். தேவி அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"சைபருதானே காட்டுது! ஒண்ணுமில்லன்னுதானே காட்டுது! அப்பொறம் இன்னாத்துக்கும்மா என்னைப் புடிச்சிகினு கீற?"

பெட்டி ஒன்றுமில்லை என்கிறது. உள்ளே ஒரு மனுஷர் விழுந்து கிடக்கிறார். அவள் என் கையைக் கடித்தாள், தழும்பு இன்னும் இருக்கிறது. வாட்ச்மேன் ஃபயர் சர்வீஸுக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தார். நான் அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தபடி அந்த ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஃபயர் சர்வீஸ்காரர்கள் முதுகில் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாக வந்தார்கள். அவர்களிடமும் ஒரு பெட்டி இருந்தது. தொட்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே அது அலறியது. அவர்களில் மூத்தவர் தன் பெட்டியைப் பார்த்தார், ரங்கநாதன் சார் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், வேலையைப் பார்க்கப் போனார்.

சேகரை மேலே கொண்டுவந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் எங்களை அதிக நேரம் காக்க வைக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டார்.

பெட்டிக்கு என்ன ஆயிற்று?

காரியமெல்லாம் முடிந்த பிறகு, போலீஸ் முன்னிலையில், அதே டெக்னீஷியன் அதே ஹாலுக்கு வந்தார். பெட்டியைக் கையில் வாங்கினார். ஆன் செய்யக்கூட இல்லை.

"சார், இது என்ன சார்?"

"சந்தனம்" என்றார் ரங்கநாதன் சார்.

"சந்தனமா? சென்சார் மேலயா?"

"ஆயுத பூஜைக்கு..." என்று ஆரம்பித்தார்.

வேறு எங்கே வைப்பது? ஸ்க்ரீனில் வைத்தால் நம்பர் தெரியாது. பட்டனில் வைத்தால் பிசுபிசுக்கும். பெட்டியின் முகத்தில் பொட்டு வைக்கத் தோதாக, வட்டமாக, ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதைக் காற்று போகிற வழி என்று நினைக்காமல் நெற்றி என்று நினைத்துவிட்டோம். சந்தனம் வலைக்குள் இறங்கி, காய்ந்து, கல்லாகியிருந்தது. அதன் பிறகு அந்தப் பெட்டியை எந்தக் காற்றில் இறக்கினாலும் ஜீரோதான் காட்டும். அந்தப் பொட்டு ஒளிந்துகொண்டு இருக்கவும் இல்லை. எல்லோரும் பார்க்க, போட்டோவில் பளிச்சென்று, அன்று காலை கயிற்றில் இறங்கும்போதும் அங்கேயேதான் இருந்தது. எங்கள் கண்ணுக்கு அது பெட்டியின் ஒரு பாகமாகவே ஆகிவிட்டிருந்தது.

டெக்னீஷியன் ஒரு குண்டூசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். சின்ன சிலிண்டர் ஒன்றிலிருந்து டெஸ்ட் கேஸைக் காட்டினார். பெட்டி அலறியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ரங்கநாதன் சார் மட்டும் பொத்திக்கொள்ளவில்லை.

அன்று மாலை அசோசியேஷன் மீட்டிங். "அப்போ... சேகரே வச்ச பொட்டுதானா?" என்று ஒருவர் இழுத்தார். ஹாலே ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள்! சொன்னால் நம்ப மாட்டீர்கள், சில முகங்களில் வெளிச்சமே வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கிருந்த நாற்காலியைத் தூக்கியிருப்பேன். யார் நாற்காலி போட, யார் உட்கார்ந்து காபியோடு டெமோ பார்த்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் ரங்கநாதன் சார் எழுந்துவிட்டார்.

"அந்தப் பொட்டை நானும் பாத்தேன். கற்பூரம் காட்டினதே நான்தான். கண்ணுல ஒத்திண்டுதான் உள்ள இறக்கினேன். ஓட்டையை அடைக்கப்படாதுன்னு அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான். யாரும் சேகர் பேர்ல இதைத் தள்ளப்படாது. போலீஸ்லயும் இதைத்தான் சொல்லப் போறேன்."

தேவியிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. நானே போகிறேன் என்றேன்.

அவள் வீடு இருக்கிற பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை. ஏறிப் போனேன். அவர்களுடைய ஒரே பெண் காலேஜுக்குப் போயிருந்தாள். சேகரின் போட்டோவுக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேவி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ என்னைப் புடிச்சி வச்சதுக்கு என் பொண்ணு உனக்குக் கும்புடு சொல்லச் சொல்லுதும்மா. எனக்குத்தான் இன்னும் சொல்ல வரல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த மிஷினு அன்னிக்கு ஏம்மா கத்தல?"

சொல்லத்தான் போயிருந்தேன். சந்தனம் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"அதுக்குப் பூஜை போட்டதே நான்தாம்மா. அவுரு கையெல்லாம் கிரீசு. 'நீ வையி தேவி, நம்மாளுக்கு நீயே வச்சாதான் ராசி'ன்னாரு. நான்தான் சந்தனம் கொழச்சி, பாத்துப் பாத்து வச்சேன். என் தாலிய காப்பாத்துன்னு வேண்டிகினேதான் வச்சேன். அது கூடவா மனசு எறங்கல?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"பேட்டரி தேவி" என்றேன். "பேட்டரி தீர்ந்துபோயிருக்கு."

"ஓ..." என்றாள். "பேட்டரியா..."

ரங்கநாதன் சாரிடம் வந்து சொன்னேன். "பொய் சொல்லிட்டேளா?" என்றார். ஆமாம் என்றேன். "தெரியாமயே போகட்டும்" என்றார்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

இனி எங்கள் தொட்டிக்குள் யாரும், எப்போதும், எதற்காகவும் இறங்கக் கூடாது என்று அசோசியேஷனில் தீர்மானம் போட்டாகிவிட்டது. லாரி வரும் வரை மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்போம். ஆனாலும் புதுப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். எங்கள் தீர்மானத்தின் மேல் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை!

மோட்டார் ரூமில் ஆணி அடிக்கிற வரை என் வீட்டில் இருக்கட்டும் என்று ரங்கநாதன் சார் கொடுத்துவிட்டுப் போனார். டைனிங் டேபிளில் வைத்திருந்தேன். தேவி வேலைக்குத் திரும்பி வந்த முதல் வாரம் அது. காய் நறுக்க வந்தவள் பெட்டியைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"புச்சு வாங்கிட்டீங்களாம்மா?"

"ம்."

கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு என் பூஜை அலமாரிக்குப் போனாள். சந்தனக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் இப்போ வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. பரவால்லமா. இதுக்கு நல்லா பெர்சா வச்சிடறேன். அன்னிக்கு அவசரத்துல சின்னதா வச்சிட்டேன்... அதான் போல."

விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து, நேராக அந்த வட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

நான் பெட்டியைப் பிடித்துக் கவிழ்த்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

"பின்னாடி வை, தேவி."

"பின்னாடியா? ஏம்மா?"

"அந்த ஓட்டை வழியாத்தான் அதுக்குக் காத்து போகணும். அதுல படக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவள் விரல் அப்படியே நின்றது. விரல் நுனியில் சந்தனம். என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"பேட்டரின்னியேம்மா..."

இன்னொரு பொய் தேடினேன், கிடைக்கவில்லை. அவளுக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. அந்த டேபிளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழவில்லை. சந்தன விரலை மட்டும் தனியாக, எதிலும் படாமல், தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது தடவையாக அவளைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை திமிறவில்லை. உன் மேல் தப்பில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், தெரியாது. எழுந்தாள். பெட்டியைக் கையில் எடுத்தாள். பின்பக்கம், கிளிப்புக்குக் கீழே, சந்தனத்தை வைத்தாள். குங்குமத்தை அலமாரியிலிருந்து நான்தான் எடுத்து நீட்டினேன். அதையும் வைத்தாள். பெட்டியைத் திருப்பி, முன்பக்கத்து வட்டத்தைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டு, டேபிளில் வைத்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீ வாரா வாரம் புக்குல எழுதறியே, அத்த எவ்ளோ பேரு படிப்பாங்க?"

"நிறையப் பேர்."

"அவங்க வூட்டாண்டயும் இந்த மாதிரி மிஷினு இருக்குமா?"

"சில இடத்துல இருக்கும்."

"அப்போ இத்த எழுதுமா. பொட்டு வைக்காதீங்கன்னு எழுதாத, யாரும் கேக்க மாட்டாங்க. பின்னாடி வைக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன், தேவி.